பாய் நனைவதற்குப் பகலில்தான் வேலை

கோடை விடுமுறை நெருங்கினால் ஈரோட்டில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் அம்மாக்களில் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள்: "அம்மிச்சி ஊட்டுக்கு அனுப்போணுமுங்க, இன்னும் பாயை நனைக்கிறானுங்க." பையனுக்கு ஏழெட்டு வயது இருக்கும், தலை நிமிர மாட்டான்.

தூக்கத்தில் சிறுநீர் போவது திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. மூத்திரப்பை நிறைந்ததும் விழித்துக்கொள்ளும் திறன் சில குழந்தைகளுக்குத் தாமதமாக வரும். இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் போதாமலும் இருக்கலாம். ஐந்து வயதுவரை இதைக் கோளாறாகவே கருதுவதில்லை. பெற்றோருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். (இதைச் சொன்னதும் சில அப்பாக்கள் திட்டுவதை நிறுத்திவிடுவார்கள்!) சூடு வைப்பேன் என்ற மிரட்டலால் பயம்தான் கூடும்.

நான் முதலில் கேட்பது ராத்திரியைப் பற்றி அல்ல, தண்ணீர் பாட்டிலைப் பற்றி. பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல், தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் ஏராளம். சாயங்காலம் வந்ததும் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு, மேலே ஒரு டம்ளர் டீ. அப்புறம் பாய் எப்படி நனையாமல் இருக்கும்? காலையிலும் மதியமும் நன்றாகக் குடிக்கட்டும், டீ காப்பி வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அனுப்பும்படி டீச்சரிடமும் சொல்லிவையுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள், கட்டி நிற்கும் மலம் மூத்திரப்பையை அழுத்தும். அதைச் சரிசெய்தாலே சிலருக்கு நின்றுவிடுகிறது.

பாராட்டி ஸ்டார் ஒட்டுவதென்றால் நனையாத இரவுக்கு ஒட்டாதீர்கள், தூக்கத்தில் நடப்பது அவன் கையில் இல்லை. படுக்கும் முன் தானாகக் கழிப்பறைக்குப் போனதற்கு ஒட்டுங்கள். அரைத்தூக்கத்தில் தூக்கிப்போய் நிறுத்தினால் அன்றைக்குப் பாய் காய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நிற்காவிட்டால், ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் இருக்கிறது. 1938-இல் அமெரிக்க உளவியலாளர்களான மௌரர் தம்பதி எழுதிய முறை, இன்றும் நல்ல பலன் தருகிறது. ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஆரம்பத்தில் சத்தம் கேட்டு எழுவது பெரியவர்கள்தான், பிள்ளை அல்ல. பனியன் கம்பெனி, மில் என்று நைட் ஷிஃப்ட் போகும் வீடுகளில் யார் எழுவது என்று முடிவு செய்துவிட்டே வாங்குங்கள். தொடர்ந்து 14 இரவு நனையாத பிறகு நிறுத்தலாம்.

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காத பிள்ளை திடீரென மறுபடி ஆரம்பித்தாலோ, சிறுநீர் போகும்போது எரிந்தாலோ, பகலிலும் கசிந்தாலோ, பலமாகக் குறட்டை விட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதிகத் தாகத்தோடு எடையும் குறைந்தால் அன்றே சர்க்கரை பார்த்துவிட வேண்டும்.