எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர் போனில் உள்ள பயிற்சிச் செயலியைத் தொடவில்லை என்றால் உடனே 'ஒத்துழைப்பு இல்லை' என்று குறிப்பெழுதும் வழக்கம் இனியாவது நிற்க வேண்டும். உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ பஸ் ஏறி மதுரைக்கு வர முடியாதவருக்காகத்தானே வீட்டுப் பயிற்சிச் செயலி? அவருக்குக் கைவராதது அதன் குறை.

எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று செயலி செய்பவர்கள் நினைக்கிறார்கள். கண் மங்கியவருக்கு அது உதவும். இவருக்கு அடிபட்டது மூளை. வலப்பக்கக் கைகால் செயலிழந்தவர்களில் பலருக்குப் பேச்சோடு வாசிப்பும் பாதிக்கப்பட்டிருக்கும்; 'தொடங்கு' என்பதை எத்தனை பெரிதாகப் போட்டாலும் வெறும் கோடுதான். அவருக்குப் படமும் குரலும் வேண்டும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. அந்தக் குரலும் 'தோள்மூட்டை விரிக்கவும்' என்று வாசிக்கக் கூடாது. "கையைப் பக்கவாட்டுல தூக்குங்கய்யா" என்றால் புரியும். இடப்பக்கம் செயலிழந்த சிலருக்கோ, கண் நன்றாகத் தெரிந்தும் இடது பாதி கவனத்திலேயே விழாது. அந்த மூலையில் வைத்த பொத்தான் எவ்வளவு பெரிதானாலும் அவரைப் பொறுத்தவரை இல்லை. இடப்பக்கம் திரும்பிப் பார்க்கப் பழக்குவதைப் பயிற்சிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தெரபிஸ்டின் வீடியோ அழைப்பை எடுக்கும் பொத்தான் நடுவுக்குச் சற்று வலப்புறம் இருக்கட்டும்.

பொத்தான் இரண்டு செ.மீ.க்குக் குறைய வேண்டாம். விறைத்த விரல் தொட்டதும் விலகாது, அழுத்தியபடியே நிற்கும். நீண்ட அழுத்தத்துக்கு வேறு பட்டியல் திறந்தால் அன்றைய பயிற்சி அத்தோடு போச்சு. அந்த வசதியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காதீர்கள், அது வரும் போன் மகனோடு வேலைக்குப் போயிருக்கும். அசைவை அளக்கக் கையில் கட்டும் சென்சாருக்குக் கொக்கி வேண்டாம், மாட்ட இரண்டு கை தேவை. வளையத்தில் நுழைத்து இழுத்து ஒட்டும் வெல்க்ரோ பட்டை போதும். சார்ஜர் பின்னைச் செருகுவதும் ஒற்றைக் கையால் பெரும்பாடு. மேலே வைத்தாலே சார்ஜ் ஏறும் தாங்கி கொடுங்கள். சிக்னல் விட்டுப்போகும் ஊர்களுக்குப் பயிற்சி வீடியோ போனிலேயே இறங்கியிருக்க வேண்டும்.

வீட்டாருக்கு: போனைக் கையில் பிடிக்காமல் இரண்டு மீட்டர் தள்ளி மேசைமேல் நிறுத்துங்கள். வாசல் வெளிச்சம் அவர் முதுகுக்குப் பின்னால் வந்தால் திரையில் பார்க்கும் தெரபிஸ்டுகளான எங்களுக்கு நிழல்தான் தெரியும். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே தூக்காதீர்கள், தோள் நழுவும். நின்று செய்யும் பயிற்சியின்போது பலவீனமான பக்கம் ஒருவர் நில்லுங்கள்; தெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார் என்று தயவுசெய்து அடுப்படிக்குப் போய்விடாதீர்கள், திரையிலிருந்து எங்களால் தாங்கிப் பிடிக்க முடியாது. நடுவில் வாய் கோணினாலோ, பேச்சு புதிதாகக் குழறினாலோ, கைகால் மேலும் தளர்ந்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.