துரு போகும், ரப்பர் திரும்பாது

பழைய அம்பாசடர் காரையோ பத்மினி காரையோ வாங்கி வீட்டிலேயே சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டு கேள்விதான்: கதவு பீடிங்கை (கதவு ஓரத்து ரப்பர் பட்டையை) எதில் ஊறவைத்தால் மறுபடி மெத்தென்று ஆகும், துருப்பிடித்த பாகத்தை எதில் ஊறவைத்தால் துரு போகும்? இரண்டையும் ஊறவைக்கலாம், ஆனால் உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. துரு என்பது இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கும் வேறொரு பொருள். அதை எடுத்துவிட்டால் அடியில் மிஞ்சியிருப்பது நல்ல இரும்பு. ரப்பர் கெடும்போது அதன் மூலக்கூறே மாறிப்போகிறது.

ரப்பர், நீளநீளமான சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பொருள். 1839-ல் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோது, கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு நடுவே ஆங்காங்கே பாலம் போட்டன. இழுத்து விட்டால் பழைய வடிவத்துக்கு வருவது இந்தப் பாலங்களால்தான். பாலம் அளவாக இருந்தால் துவளும், ரொம்ப அதிகமானால் விறைத்துவிடும். எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும் வருஷக்கணக்காகக் கிடக்கும் பாகத்துக்குள் ஆக்சிஜன் நுழைந்து புதுப் பாலங்களைப் போட்டுக்கொண்டே போகும், அல்லது சங்கிலிகளையே வெட்டிவிடும். எஸ்பிஆர் போன்ற செயற்கை ரப்பரில் பெரும்பாலும் முதலாவது, இயற்கை ரப்பரில் பெரும்பாலும் இரண்டாவது. ஒரே காரில் ஒரு வாஷர் நொறுங்குவதும் இன்னொன்று கையில் பிசுபிசுவென்று ஒட்டுவதும் இதனால்தான். இதற்கு மேல் ஓசோன் வேறு. காற்றில் துளியூண்டு இருந்தாலே போதும், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பர் சங்கிலியில் கார்பன் அணுக்களுக்கு இடையே உள்ள இரட்டைப் பிணைப்புகளை அறுத்து, இழுவிசைக்குக் குறுக்கே வரிவரியாக வெடிப்பு விட வைக்கும்.

வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியுமா? அவ்வளவுதான் விஷயம்.

அப்படியானால் சிலர் செய்வதுபோல் விண்டர்கிரீன் ஆயிலில் ஊறவைத்த ரப்பர் மென்மையாவது எப்படி? ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் விற்கிறார்களே, அதே எண்ணெய்தான். அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், வலி தைலங்களின் வாசனை அதுதான். அது ரப்பருக்குள் புகுந்து சங்கிலிகளைக் கொஞ்சம் விலக்கி வைக்கிறது, ரப்பர் உப்பி மெத்தென்று ஆகிறது. போடப்பட்ட பாலம் ஒன்றுகூட அவிழ்வதில்லை, வெட்டுப்பட்ட சங்கிலி ஒட்டுவதுமில்லை. எண்ணெய் மெல்ல ஆவியாகிப் போனதும் பழைய கதைதான். ஓரத்தில் கிடக்கும் மிதிப்பான் உறைக்கோ, கிடைக்கவே கிடைக்காத ஏதோ ஒரு பீடிங்கை உடையாமல் கழற்றி மாட்டவோ இது உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாட்டிலைப் பூட்டி வையுங்கள், ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

பிரேக் சிலிண்டர் ரப்பரில் மட்டும் எந்த வித்தையும் வேண்டாம். வழக்கமான பிரேக் ஆயில் பெட்ரோலிய எண்ணெய் அல்ல, கிளைகால் (glycol) வகைத் திரவம், அதற்கேற்ற ரப்பரைத்தான் உள்ளே போட்டிருப்பார்கள். அதில் எஞ்சின் ஆயிலோ கிரீஸோ பட்டால் உப்பிக்கொள்ளும், பிரேக் பிடித்தால் விடாது. புதுசு வாங்கிப் போடுங்கள்.

சரி, இரும்புக்கு வருவோம். எனக்குப் பிடித்தது மின்சார வழி. ஒரு பிளாஸ்டிக் வாளியில் நாலைந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து, துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை பாசிட்டிவ் முனையிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடவேண்டும். பாகத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பித் துருவை அடியிலிருந்து நெட்டித் தள்ளும், கூடவே அங்கே வந்து சேரும் எலக்ட்ரான்கள் செந்துருவின் ஒரு பகுதியை மேக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடாக மாற்றும். அது வயர் பிரஷ்ஷில் தேய்த்தால் வந்துவிடும். நல்ல இரும்பு கரையாது, அமிலத்தில் போடுவதைவிட இது மேல் என்று நான் சொல்வது அதனால்தான். தகட்டைப் பார்த்து நிற்கும் பக்கம்தான் வேகமாகச் சுத்தமாகும், ஆகவே நடுவில் திருப்பி வையுங்கள். துரு தின்று குழியாக்கிய இடம் மட்டும் குழியாகவே இருக்கும்.

சில விஷயங்களில் விளையாடக்கூடாது. பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் கரண்டியை மாட்டினால் நச்சான குரோமியம் தண்ணீரில் கரைந்து வரும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வரும். ஹைட்ரஜன் எரியும் வாயு, அதனால் திறந்த வெளியில் செய்து, சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைத் தொடவேண்டும். அலுமினியம், துத்தநாகக் கலவைப் பாகங்களை (பழைய கார்புரேட்டர் உடல்கள் பெரும்பாலும் இவைதான்) காரக் கரைசலில் போட்டால் அரிக்கும். ஸ்பிரிங், அதிவலு போல்ட் போன்றவற்றுக்கு இந்த வழியே வேண்டாம், ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை உடையும்படி ஆக்கிவிடும்.

சின்ன சாமான்களுக்கு எலுமிச்சை உப்பு போதும். அந்த சிட்ரிக் அமிலம் இரும்பு அயனிகளைப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க மறந்துவிட்டால் நல்ல இரும்பையும் தின்ன ஆரம்பிக்கும்.

எந்த வழியில் எடுத்தாலும், வெளியே வந்த இரும்பு மேல்தோல் இல்லாமல் நிற்கிறது, நம்மூர் ஈரக்காற்றில் சில நிமிஷத்திலேயே செம்மஞ்சள் பூக்க ஆரம்பித்துவிடும். கழுவியதும் துடைத்து, ஹேர் டிரையராலோ நல்ல வெயிலிலோ ஈரம் போகக் காயவைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள், பெயிண்ட் வேண்டாத பாகமென்றால் எண்ணெய் தடவி வையுங்கள்.