35 வயதில் ஆட்டிசம் மதிப்பீடா? வரும்போது அம்மாவையும் கூட்டி வாருங்கள்

வந்ததென்னவோ குழந்தைக்காகத்தான். மூன்று வயதாகியும் பையனுக்குப் பேச்சு வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருக்கும் அப்பாவோ அம்மாவோ பாதியில் பேனாவைக் கீழே வைப்பார். "மேடம், இதுல பாதி எனக்கும் இருக்கே?"

புதுச்சேரியில் என்னிடம் மதிப்பீட்டுக்கு வரும் பெரியவர்களில் நிறையப் பேர் இந்த வழியாக வந்தவர்கள்தான். இன்னொரு வழி நம்ம ஊருக்கே உரியது. பிரான்சில் இருக்கும் சித்தப்பா மகளுக்கு நாற்பது வயதில் அங்கே ஆட்டிசம் என்று சொல்லியிருப்பார்கள். அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் இங்கே வந்து சேரும். சின்ன வயதிலிருந்து "நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சு" என்று கேட்டு வளர்ந்தவர் இங்கே யோசிக்கத் தொடங்குவார். மூன்றாவது, ரீல்ஸ் பார்த்துவிட்டு வருகிறவர்கள். இவர்களைக் கிண்டல் செய்வது எங்கள் துறையில் இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வயிற்றுவலி என்று கூகுளில் தேடிவிட்டு வருகிறவரையும் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தானே அனுப்புகிறோம்?

இவர்கள் சின்ன வயதில் ஏன் சிக்கவில்லை என்று கேட்டால் பதில் எளிது. அப்போது வலையே சின்னது. லியோ கானர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்தார். ஓரளவு நன்றாகப் பேசும் பிள்ளைகளைப் பற்றி ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் எழுதியது, 1981இல் லோர்னா விங் எடுத்துச் சொல்லும்வரை ஆங்கிலம் படிக்கும் மருத்துவர்களிடம்கூட அதிகம் போய்ச் சேரவில்லை. இதையெல்லாம் ஒரே நிறமாலையாகச் சேர்த்தது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடாக 2013இல் வந்த டிஎஸ்எம்-5. அதற்கு முந்தைய பதிப்பின்படி ஒருவருக்கு ஆட்டிசமும் ஏடிஎச்டியும் (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) சேர்த்து எழுதவே முடியாது. இன்று 35 வயதில் இருப்பவர் பள்ளியில் படித்த காலத்தில் நம் பக்கம் ஆட்டிசம் என்றால் பேசாத பிள்ளை என்றுதான் அர்த்தம். வாய் பேசி, மார்க்கும் வாங்கிவிட்டால் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

சரி, இப்போது சந்தேகம் வந்துவிட்டது. முதல் வேலையாக எல்லோரும் இணையத்தில் டெஸ்ட் எடுக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் 2001இல் வெளியான ஏக்யூ என்ற 50 கேள்விப் பட்டியல்தான் பெரும்பாலும். 32க்கு மேல் வந்த ஸ்கிரீன்ஷாட்டை ரிசல்ட் மாதிரி நீட்டுவார்கள். அது முதல்கட்டச் சல்லடை மட்டும்தான். புது ஆட்களைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும் சமூகப் பதற்றம் உள்ளவருக்கும் அதில் மார்க் ஏறும். ஆட்டிசத்தை முப்பது வருஷமாக மறைத்தே பழகியவருக்கு இறங்கும். போதாக்குறைக்கு, அருங்காட்சியகத்தைவிட நாடக அரங்குக்குப் போகப் பிடிக்குமா என்று ஒரு கேள்வி. பாகூரிலிருந்து வந்த ஒருவர், "நான் ரெண்டுக்குமே போனதில்லையே மேடம், எதை டிக் பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மொத்த மார்க்கைவிட, எந்தக் கேள்விக்கு "ஆமாம்" போட்டீர்கள், அப்போது எந்தச் சம்பவம் நினைவுக்கு வந்தது என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வந்தால் எனக்கு அதுதான் உபயோகம்.

ஏனென்றால் மதிப்பீட்டில் நாங்கள் தேடுவது வேறு. டிஎஸ்எம்-5 அளவுகோலின்படி மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் மூன்று வகைச் சிரமங்களும் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தைத் தாங்க முடியாமை, ஒன்றிலேயே ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி ஒளி தொடுகையில் மிகையான அல்லது குறைவான உணர்வு என்ற நான்கில் குறைந்தது இரண்டு வேண்டும். இவற்றால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவை சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம், ஆனால் இருந்திருக்க வேண்டும். வேலைக்குப் போன பிறகு, 25 வயதில் புதிதாக வந்த ஒதுக்கம் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். நாலு வயதில் எப்படி இருந்தோம் என்று யாருக்கும் சரியாக நினைவிருக்காது. அதனால்தான் அம்மா வேண்டும் என்கிறேன்.

அம்மாவிடம் "சின்ன வயசுல எப்படி இருந்தாங்க?" என்று பொதுவாகக் கேட்டால், "நல்லாத்தான் இருந்தா" என்று பேச்சு முடிந்துவிடும். சம்பவமாகக் கேட்க வேண்டும். கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது பழைய டவுனிலிருந்து, வந்த ஓர் அம்மா (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) தன் 38 வயது மகளைக் காட்டி, "இவளா? நாலு புள்ளையில இவதான் டாக்டரம்மா சமத்து. உக்கார வெச்ச இடத்துலயே இருப்பா" என்றார்.

உட்கார்ந்து என்ன செய்வாள் என்று கேட்டேன்.

"புளியங்கொட்டை அடுக்குவா. கறுப்பு தனியா, செவப்பு தனியா. யாராவது கலைச்சுட்டா அவ்ளோதான், அன்னைக்கு சோறு எறங்காது."

மாசிமகத்துக்கு தேவனாம்பட்டினம் கூட்டிக்கொண்டு போவீர்களா?

"ஒரு வருஷம் போனோம். மேளம் அடிச்சதும் காதைப் பொத்திக்கிட்டு மண்ணுலயே படுத்துட்டா. அப்புறம் ஆயாகிட்ட விட்டுட்டுப் போயிடுவோம்."

பேச்சு எப்போது வந்தது?

"அதெல்லாம் சீக்கிரமே வந்துடுச்சு. ரேடியோவுல சேதி வாசிக்கிற மாதிரி பேசுவா. 'அம்மா, எனக்குப் பசிக்கிறது, சோறு வேண்டும்'னு. தெருவே சிரிக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கு இதில் பாதி புதுச் செய்தி. இந்த மூன்று பதில்களையும் வைத்துக்கொண்டு ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. தொல்லை தராத பெண் பிள்ளையை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. பெண்களுக்கு இவ்வளவு தாமதமாவதற்கு அது ஒரு முக்கியமான காரணம் என்பது என் எண்ணம்.

அம்மா இல்லாதவர்கள் அக்காவையோ அத்தையையோ பெரியம்மாவையோ கூட்டி வரலாம். பழைய ரேங்க் கார்டில் டீச்சர் எழுதிய ஒரு வரி கிடைத்தாலும் போதும். வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்களும் உண்டு. அவர்களையும் பார்க்கிறோம், உறுதியாகச் சொல்ல அதிக அமர்வுகள் பிடிக்கும், அவ்வளவுதான்.

நம் ஊரில் கவனமாகப் பார்க்க வேண்டிய இன்னொன்று, கண்ணைப் பார்த்துப் பேசுவது. பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்பது இங்கே மரியாதை. என்னைப் பார்த்துப் பேசவில்லை என்பதை வைத்து நான் எதுவும் எழுதமாட்டேன். தம்பியிடம், கூட வேலை பார்க்கிற நண்பரிடம் எப்படி என்றுதான் கேட்பேன். அதேபோல, கூட்டுக் குடும்பம் நிறைய விஷயங்களை மூடிவிடும். சமையல் கேஸ் புக் செய்வது அண்ணன், சொந்தக்காரர்களிடம் பேசுவது அண்ணி, பெண் பார்த்துக் கட்டிவைத்தது பெரியப்பா. "மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார், தங்கமான குணம்" என்று கல்யாணமும் நன்றாகவே நடந்திருக்கும். தனிக்குடித்தனம் போன பிறகோ, ஆபீசில் பதவி உயர்வு வந்து பத்துப் பேரை மேய்க்க வேண்டி வந்த பிறகோதான் எல்லாம் ஆட்டம் காணும்.

கணவனை இழுத்துக்கொண்டு வரும் மனைவிகளுக்கும் ஒரு வார்த்தை. அவருக்கே விருப்பம் இல்லாமல் மதிப்பீடு செய்ய முடியாது. சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று அந்த அறிக்கை சொல்லவும் சொல்லாது.

மதிப்பீடு ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. உங்களோடு நீண்ட பேச்சு, வீட்டாரோடு பேச்சு, தேவைப்பட்டால் அறிவுத்திறன், கவனத்திறன் சோதனைகள். முறையான பயிற்சி பெற்றவர்கள் செய்யும் ஏடிஓஎஸ்-2 என்ற கண்காணிப்புத் தேர்வில் பெரியவர்களுக்கென்று நான்காவது பகுதி இருக்கிறது. எல்லா இடத்திலும் கிடைக்காது. அது இல்லாமலும் அனுபவமுள்ளவர்களால் முடிவுக்கு வர முடியும். கூடவே ஓசிடி (விடாமல் துரத்தும் எண்ணம், செயல்), மனச்சோர்வு, சமூகப் பதற்றம், சிறுவயது அதிர்ச்சி இவற்றையும் பார்த்தாக வேண்டும். இதில் ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லை என்றாகிவிடாது.

பழைய மருந்துச் சீட்டுகளைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். வேறு நோயின் பெயரில் வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசர ஓ.பி.யில் "ஆள் இல்லாதப்ப குரல் கேக்குதா?" என்று கேட்டால், கேள்வியை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொள்கிறவர் "கேக்குது" என்பார். "எங்கிருந்து கேக்குது, யாரு பேசுறாங்க?" என்று அடுத்த கேள்வியும் கேட்டால்தான், பக்கத்து வீட்டு டிவியைச் சொல்கிறார் என்று புரியும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். எழுதித் தந்த மருத்துவரிடம் பேசித்தான் எதையும் குறைக்க வேண்டும்.

எங்கே போவது? புதுச்சேரியில் ஜிப்மர் மனநலப் பிரிவில் தொடங்கலாம். கடலூர், சிதம்பரம் பக்கத்தவர்களுக்கு அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஈசிஆரில் சென்னைக்கு முன்னால் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. தனியாரிடம் போவதென்றால் ஒன்று கேளுங்கள்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா, பதிவு எண் என்ன? கேட்பதில் தப்பே இல்லை. "உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்று ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டால், இன்னோர் இடத்தில் காட்டுங்கள்.

சான்றிதழ் வேறு கணக்கு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால்தான் இட ஒதுக்கீடு போன்றவை. அந்தச் சதவீதத்தை ஐஎஸ்ஏஏ என்ற இந்திய அளவுகோலை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 40 அம்சங்கள், மொத்தம் 200 மதிப்பெண், 70க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். வெளியே கண்ணுக்குத் தெரிகிற நடத்தையைத்தான் அது அதிகம் எண்ணும். நன்றாகப் பேசி, வேலைக்கும் போகிறவர் 70ஐத் தொடாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. மருத்துவர் ஆட்டிசம் என்கிறார், சான்றிதழ் தரும் மெடிக்கல் போர்டு இல்லை என்கிறது என்று குழம்பி நிற்கிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். சான்றிதழ்தான் நோக்கம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், வீண் அலைச்சல் மிச்சம்.

ஆட்டிசம்தான் என்று தெரிந்த பிறகு என்ன? ஆட்டிசத்துக்கென்று மாத்திரை கிடையாது. கூட இருக்கும் மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் சிகிச்சை உண்டு. நிறையப் பேருக்கு முதலில் வருவது நிம்மதி, கொஞ்ச நாள் கழித்துக் கோபம். இத்தனை வருஷம் "திமிர் பிடிச்சவ" என்று வாங்கிய பேச்செல்லாம் திரும்ப வரும். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இந்தக் காலத்தில் தனியாக இருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். ஆட்டிசம் இல்லை என்று நான் சொல்லும்போது அழுதவர்களும் உண்டு. அவர்களுடைய சிரமம் பொய் என்று அதற்கு அர்த்தமில்லை, காரணம் வேறு. அந்தக் காரணத்துக்கும் அறிக்கையில் இடம் இருக்க வேண்டும்; இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடைசியாக எல்லோரும் கேட்பது, ஆபீசில் சொல்லலாமா என்று. அவசரப்பட வேண்டாம் என்பேன். மனநலச் சட்டப்படி உங்கள் விவரத்தை நாங்கள் வெளியே சொல்ல முடியாது, அதனால் சொல்வதும் சொல்லாததும் உங்கள் கையில். முதலில் பெயர் சொல்லாமல் தேவையை மட்டும் கேட்டுப் பாருங்கள். வேலையை வாயால் சொல்லாமல் மெயிலில் அனுப்பச் சொல்வது, பிரிண்டர் பக்கத்திலிருந்து சீட்டை மாற்றச் சொல்வது, சத்தத்துக்கு ஹெட்போன் போட்டுக்கொள்ள அனுமதி. அந்த ஓ.டி. பெண்ணுக்குச் சீட் மாறியது, காரணம் என்னவென்று மேனேஜர் கேட்கவே இல்லையாம்.