ஆலன் ஃபிரீட்: பாட்டுப் போட வாங்கிய பணம்

வானொலி, யூடியூப் தொகுப்பாளர்களின் ஒப்பந்தங்களைப் பார்த்துக் கொடுக்கும் வழக்கறிஞர் நான். "அன்பாகத் தருகிறார்கள், இதற்கெல்லாம் எதற்கு எழுத்து?" என்று கேட்பவர்களுக்கு அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் ஆலன் ஃபிரீட் கதையைச் சொல்வேன்.

1951-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், டபிள்யூஜேடபிள்யூ நிலையத்தின் இரவு நிகழ்ச்சியில் கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளைப் போட ஆரம்பித்தவர் ஃபிரீட். பாட்டு ஓடும்போதே மைக்கைத் திறந்துவைத்து, தொலைபேசிப் புத்தகத்தில் தட்டித் தாளம் போடுவார். 1952 மார்ச் 21 அன்று அவர் நடத்திய கச்சேரிக்கு அரங்கம் கொள்ளாத கூட்டம். கதவுகளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள், கச்சேரி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. 1954-ல் நியூயார்க்கின் வின்ஸ் நிலையம் அவரை அழைத்துக்கொண்டது. ராக் அண்ட் ரோல் என்ற பெயரை ஊரறியச் செய்தவர் அவர்தான். வெள்ளைக்காரப் பாடகர்களின் நகல் பதிவுகளை ஒதுக்கி, மூலப் பதிவுகளையே போட்டார். அந்த மரியாதை அவருக்கு என்றும் உண்டு.

சரி, பணம் எங்கே வந்தது? வாரந்தோறும் புதுத் தட்டுகள் குவியும். எதைப் போடுவது என்பது தொகுப்பாளர் கையில். அவர் போட்டால்தான் கடையில் விற்கும். விளம்பரத்துக்கு வசதியில்லாத சிறிய நிறுவனங்கள் அவருக்கே பணம் கொடுத்தன. இந்தப் பழக்கத்துக்கு பயோலா என்று பெயர். அன்றைக்கு மத்தியச் சட்டம் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஃபிரீட் அதை ஆலோசனைக் கட்டணம் என்றார்.

பணத்தை விடவும் எனக்கு உறுத்துவது வேறொன்று. 1955-ல் சக் பெரி எழுதிப் பாடிய 'மேபலீன்' பாடலை எழுதியவர்களில் ஒருவராக, அதை எழுதாத ஃபிரீடின் பெயரும் பதிவானது. ஒருமுறை கைமாறும் பணம் அத்தோடு முடியும். ஆசிரியர் உரிமை அப்படியில்லை, விற்பனையிலும் ஒலிபரப்பிலும் வருஷக்கணக்கில் பங்கு வந்துகொண்டே இருக்கும். முழு உரிமை பெரிக்குத் திரும்பி வர 1986 ஆனது. இளம் கலைஞர் யாராவது இதைப் படித்தால், பாட்டின் உரிமைப் படிவத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வேறு யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

1959-ல் விவகாரம் வெடித்தது. பாட்டுப் போட ஒருபோதும் பணம் வாங்கியதில்லை என்று கையெழுத்துப் போடச் சொன்னது, அப்போது அவர் வேலை பார்த்த நியூயார்க்கின் டபிள்யூஏபிசி வானொலி நிலையம். ஃபிரீட் மறுத்தார், வேலை போனது. அதே ஏபிசி குழுமத்தின் தொலைக்காட்சியில் இசை நிகழ்ச்சி நடத்திய டிக் கிளார்க், இசை நிறுவனங்களில் தனக்கிருந்த பங்குகளை விட்டுக்கொடுத்துத் தப்பினார். கூட்டாளிகள் யார், பங்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள் என்று என் கட்சிக்காரர்களிடம் சொல்வேன்.

நியூயார்க் மாநிலத்தின் வணிக லஞ்சச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தது. 1962-ல் ஃபிரீட் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் வெறும் 300 டாலர்! ஆனால் பெரிய நிலையங்கள் அதற்குள் அவரைக் கைவிட்டிருந்தன. அப்புறம் 1964-ல் வரி ஏய்ப்பு வழக்கும் சேர்ந்தது. கணக்கில் காட்டாத பணத்தின் பின்னால் வரித்துறை வராமல் இருக்காது. 1965 ஜனவரி 20 அன்று, 43 வயதில், அவர் இறந்தார்.

இதற்கிடையே 1960-ல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. இன்றும் அங்கே பணம் வாங்குவது மட்டுமே குற்றமாகிவிடாது. நிலையத்திடம் மறைப்பதும், நேயருக்குத் தெரிவிக்காமல் ஒலிபரப்புவதும்தான் குற்றம். மறைத்தவருக்கு 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை.

ஆகவே யார் தருகிறார், எதற்காகத் தருகிறார், நேயருக்கு எந்த வார்த்தையில் சொல்லப்போகிறீர்கள் என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே எழுதி நிலையத்திடம் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் தேதியும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.