நரம்பை அளக்கும் கதீட்டருக்காக பி.பி. மாத்திரையை நிறுத்தாதீர்கள்

பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருவரை, வலது கை விழுந்து பேச்சும் குழறிய நிலையில், அண்மையில் தருமபுரியில் என்னிடம் கொண்டுவந்தார்கள், பி.பி. 220-க்கு 130 இருந்தது. "பெங்களூர்ல கதீட்டர் விட்டு நரம்பை அளந்து பொசுக்கிடுவாங்களாம் சார், அப்புறம் மாத்திரையே வேண்டாமாம்னு அப்பா போன மாசமே நிறுத்திட்டாரு" என்றார் மகன். இதே காரணத்தைச் சொல்லி மாத்திரையை நிறுத்தியவர்கள் அடுத்தடுத்து வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

பி.பி.யைக் குறைப்பதற்காக, சிறுநீரகத் தமனியை (இரத்தக்குழாயை) சுற்றி ஓடும் பரிவு நரம்புகளைத் தொடை வழியே செலுத்தும் கதீட்டர் என்ற மெல்லிய குழாயால் சுட்டுச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை உண்மையானதுதான். ஆனால் ஆஞ்சியோவில் இரத்தக்குழாய் தெரியுமே தவிர நரம்பு தெரியாது. 2014-இல் வெளிவந்த 535 நோயாளிகளின் ஆய்வில், ஆஞ்சியோ மட்டும் செய்யப்பட்டவர்களைவிட நரம்பு சுடப்பட்டவர்களுக்கு பி.பி. குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. நரம்புகள் முழுமையாகச் சுடப்படாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. அதன் பிறகே நரம்பின் செயல்பாட்டை அறியும் கதீட்டர்களில் அக்கறை கூடியது. அவற்றுள் சில, தமனியின் உட்சுவரில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து பி.பி. ஏறுகிறதா என்று பார்க்கின்றன. ஏறினால் அங்கே நரம்பு இருக்கிறது, சுட்ட பிறகு தூண்டியும் ஏறாவிட்டால் அந்த இடத்தில் வேலை முடிந்தது என்று கொள்ளலாம்.

ஆகவே நரம்பை அளக்கும் கதீட்டர் சிகிச்சை செய்யும் மருத்துவருக்கு வழிகாட்டும் கருவி. இ.சி.ஜி. போல விரும்பியவரெல்லாம் எடுத்துக்கொள்ளும் பரிசோதனையும் அன்று, கொதிப்பைக் குணப்படுத்தும் மருந்தும் அன்று. நரம்பைச் சரியாகச் சுட்டாலும், போலிச் சிகிச்சையோடு (நரம்பைச் சுடாமல் சுட்டதுபோலச் செய்வது) ஒப்பிட்ட பிந்தைய ஆய்வுகளில் பி.பி.யின் மேல் அளவு கூடுதலாகக் குறைந்தது சராசரியாக ஏறத்தாழ 5 புள்ளிகள்தான். 220-இல் இருப்பவருக்கு இது எம்மாத்திரம்? 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தச் சிகிச்சைக்கான இரண்டு கருவிகளை அனுமதித்தபோதும், மாத்திரையாலும் வாழ்க்கைமுறை மாற்றத்தாலும் கொதிப்பு அடங்காதவர்களுக்குத் துணைச் சிகிச்சையாகவே அனுமதித்தது.

"மூன்று மாத்திரை போட்டும் குறையவில்லை" என்போரிடம் நான் முதலில் கேட்பது, தினமும் போடுகிறீர்களா என்பதையே. அடுத்து, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரை, ஊறுகாய், குறட்டை ஆகியவற்றைப் பற்றி விசாரிப்பேன். இவற்றைச் சரிசெய்து, சிறுநீரகத்தையும் அட்ரினல் சுரப்பியையும் சோதித்த பிறகும் அடங்காதவரை நானே இதய மருத்துவரிடம் அனுப்புகிறேன்; அங்கே போகும் நாள்வரையிலும், போய் வந்த பின்னரும், மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இல் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீடு தேடி வரும் அந்த மாத்திரையைத் தயவுசெய்து டப்பாவில் சேர்த்து வைக்காதீர்கள்.

முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். நாக்குக்கு அடியில் பி.பி. மாத்திரை வைப்பது, காப்பி புகட்டுவது எதுவும் வேண்டாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி தேவைப்பட்டால் அதை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதற்கு முன் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும்.