வெடிப்பதற்கு முன்பே துள்ளும் கை

"மகள் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். பாதி நேரம் தோட்டா இல்லாமலே டிரிகரை இழுக்கச் சொல்கிறார்கள். கட்டணம் மட்டும் முழுசாக வாங்குகிறார்கள். இது நியாயமா?" கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து இந்த விளையாட்டைப் பற்றி நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். இது அவற்றில் அருமையான கேள்வி.

நிற்கும் விதம், பிடி, மூச்சு எல்லாம் முதல் சில வகுப்புகளில் வந்துவிடும். சிக்கல் டிரிகர் விடுபடும் கணத்தில்தான். 25 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கைச் சுடும் பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். குறிபார்க்க அதன் மேல் முன்னும் பின்னும் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே அதிகபட்சம் 22 சென்டிமீட்டர் இருக்கலாம் என்பது விதி. சுடும்போது முன்குறி 1 மில்லிமீட்டர் இறங்கினால், வடிவொத்த முக்கோணக் கணக்குப்படி இலக்கில் அது 11 சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். துல்லியச் சுற்றில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 5 சென்டிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் நழுவினால் பத்து, ஆறாகிவிடுகிறது.

புதிதாகச் சுடும் வலக்கைக்காரருக்குக் குண்டு பெரும்பாலும் இலக்கின் கீழே, இடப்பக்கம் போய் விழும். கேட்டால் "துப்பாக்கி உதைச்சிடுச்சு சார்" என்பார்கள். உதை குழல் முனையை மேலே தூக்குமே தவிர, கீழே தள்ளாது. நேரக் கணக்கும் இடிக்கிறது. டிரிகர் விடுபட்டதிலிருந்து குண்டு குழலை விட்டு வெளியேறச் சில மில்லி வினாடிகள் போதும். பெரிய சத்தத்துக்கு நாம் அனிச்சையாகக் கண் சிமிட்டவே 30, 40 மில்லி வினாடி ஆகும். உடம்பு பதறத் தொடங்கும்போது குண்டு ஏற்கெனவே பாதி வழியில். ஆகவே குழலைக் கீழே அமுக்கிய அந்த அசைவு, வெடிப்பதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தீபாவளிக்கு அணுகுண்டு வெடியின் திரி முடியும் தறுவாயில், வெடிப்பதற்கு முன்பே தோள் குறுகுகிறது அல்லவா? அது அனிச்சைச் செயல் இல்லை, மூளையின் முன்கணிப்பு. முயல்களை வைத்து இதன் அடிப்படையைச் சோதித்திருக்கிறார்கள். ஓர் ஒலி, உடனே கண்ணில் லேசாகக் காற்று. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால், காற்று வருவதற்குச் சற்று முன்பே முயல் கண்ணை மூடிக்கொள்ளும். நேரம் அவ்வளவு கச்சிதமாக இருக்கும். 1980களில் அமெரிக்க மூளை ஆய்வாளர் ரிச்சர்ட் தாம்ப்சன் குழுவினர் சிறுமூளைக்குள் இருக்கும் ஒரு சின்னப் பகுதியைச் செயலிழக்கச் செய்தார்கள். காற்று பட்டால் கண் வழக்கம்போல மூடிக்கொண்டது. ஆனால் ஒலியைக் கேட்டு முன்கூட்டியே மூடும் பழக்கம் போய்விட்டது! ஒரே இமை, ஒரே அசைவு; ஆனால் பிறவியில் வந்ததற்கு ஒரு பாதை, கற்றுக்கொண்டதற்கு வேறொரு பாதை.

பிஸ்டலைப் பிடித்த கையும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது என்பது என் கணிப்பு. விரல் டிரிகரில் அழுந்துவது முயல் கேட்ட ஒலி மாதிரி. உதையும் சத்தமும் அதன் கண்ணில் பட்ட காற்று மாதிரி. சில டஜன் தோட்டாக்களில் உடம்பு பாடத்தைக் கற்றுவிடும், நம்மைக் கேட்காமலே.

இதை அம்பலப்படுத்தப் பயிற்சியாளர்கள் ஒரு குறும்பு செய்வார்கள். சுடுபவருக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மிகளைக் கலந்துவிடுவார்கள். டம்மி வரும்போது வெடியும் இல்லை, உதையும் இல்லை. ஆனாலும் குழல் முனை தானாகக் குனியும். சுடுபவர் அதைத் தன் கண்ணாலேயே பார்ப்பார். "என் கை ஆடவே இல்லை" என்ற வாதம் அத்தோடு முடிந்துவிடும்.

அப்புறம் மருந்து. டிரிகரை அழுத்த அழுத்த, பின்னால் எதுவும் வராவிட்டால் முன்கணிப்பு பலமிழக்கும். தோட்டாவே இல்லாமல் சுடுவது இதற்காகத்தான். ஆனால் பழைய பாடம் அழிவதில்லை, அதன் மேல் புதிய பாடம் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நாள் இடைவெளி விட்டால் பழையது எட்டிப்பார்க்கும். அதனால்தான் தேர்ந்த வீரர்களும் இந்தப் பயிற்சியை விடுவதில்லை.

பதக்கம் வந்த மறுநாள் லட்சங்களை அறிவிக்கும் அரசுகள், இப்படிப்பட்ட அசைவுகளை அளக்கும் விளையாட்டு அறிவியல் ஆய்வகங்களுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். அதுவரை மணிக்கட்டில் மந்திரித்த கயிறு கட்டிக்கொள்வதை விட டம்மித் தோட்டா மலிவு, பலனும் உண்டு.

மகள் வீட்டிலும் பழகுவதாக இருந்தால் ஒன்றிரண்டு விஷயம். காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டல் பலவற்றில் குண்டு இல்லாமல் பழகுவதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது. .22 தோட்டா போடும் பிஸ்டலைக் காலியாக அடிக்க விடாதீர்கள், தோட்டாவை அடிக்கும் ஊசி, தோட்டா உட்காரும் அறையின் விளிம்பில் மோதிச் சேதமாக்கலாம். டம்மி போட்டுக்கொள்ள வேண்டும். தொடங்கும் முன் துப்பாக்கியின் அறையைத் திறந்து பார்ப்பது கட்டாயம். மகள் பழகும் வீட்டு அறையிலேயே நிஜத் தோட்டா இருக்கக் கூடாது.