பக்கத்து மாடியில் டவர் வருகிறதா? மனுவில் எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது

தெருவில் செல்போன் டவர் வரப்போகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் செய்வது ஒரே காரியம்தான். ஒரு வெள்ளைத்தாளில் "கதிர்வீச்சால் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும்" என்று எழுதி, ஐம்பது அறுபது பேரிடம் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த மாதிரி மனு ஜெயித்து நான் பார்த்ததில்லை. பயம் நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. அந்தக் காரணத்தை வைத்து முடிவெடுக்கும் அதிகாரம் ஆட்சியருக்கோ நகராட்சிக்கோ கிடையாது. அதனால் மனு மேசை மேசையாக நகர்ந்து, கடைசியில் "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒரு வரியோடு முடித்துவைக்கப்படும். அதற்குள் மாடியில் இரும்பு ஏறிவிடும்.

எந்த வீட்டு மாடி என்பதை எந்த அரசு அலுவலகமும் தேர்ந்தெடுப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. சிக்னல் எங்கே குறைகிறது என்று பார்த்து செல்போன் நிறுவனத்தின் ரேடியோ பொறியாளர் வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்குள் இருக்கும் உயரமான மாடிகளைத் தேடி ஒரு ஏஜென்ட் கதவு தட்டுவார். நாலைந்து வீட்டில் கேட்டு, யார் முதலில் சரி என்கிறாரோ, யாருடைய பத்திரம் ஓரளவு சுத்தமாக இருக்கிறதோ, அங்கே ஒப்பந்தம். கட்டடம் எவ்வளவு பழசு, எதிரே யாருடைய படுக்கையறை இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான். ஆகவே அந்த ஏஜென்ட் தெருவில் திரியும் நாட்களில்தான் இடத்தை மாற்றவைப்பது சுலபம். அதே வட்டத்துக்குள் ஒரு வணிகக் கட்டடத்தையோ காலி மனையையோ காட்ட முடிந்தால் நிறுவனமே சில சமயம் ஒத்துக்கொள்ளும். தெருவோடு சண்டை போடுவது அவர்களுக்கும் செலவுதான்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைத்தொடர்பு மத்திய அரசின் அதிகாரத்தில் வருவது. 2016-ல் வழியுரிமை விதிகள் (கேபிள், டவர் போன்றவற்றை எப்படி அமைக்கலாம் என்று சொல்பவை) வந்தன. 2022 ஆகஸ்டில் அவற்றைத் திருத்தினார்கள். தனியார் இடத்தில் டவரோ கம்பமோ வைக்க உள்ளாட்சியிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை, வேலை தொடங்கும் முன் எழுத்தில் தெரிவித்தால் போதும், கட்டடம் தாங்கும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தந்த சான்றைக் கூடவே வைக்க வேண்டும் என்றாகிவிட்டது. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம், அதன் கீழ் 2025 ஜனவரி 1 முதல் புதிய விதிகள். போகும் திசை அதேதான். அக்கம்பக்கத்தாரின் சம்மதம் வேண்டும் என்று இவற்றில் எங்கும் இல்லை. "எங்களைக் கேட்காமல் எப்படி வைக்கலாம்" என்று மனுவைத் தொடங்கினால் முதல் வரியிலேயே தோற்றுவிட்டீர்கள்.

புதிய சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பேரிடர், பொது அவசரநிலை தவிர மற்ற நேரங்களில், மத்திய அரசு அதிகாரம் அளித்த அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் டவருக்கு சீல் வைக்கவோ அதை வலுக்கட்டாயமாக நிறுத்தவோ உள்ளூர் அமைப்புகளால் முடியாது. அதாவது, நாலு கம்பி நட்டு ஆன்டெனா ஏறி சிக்னல் வந்துவிட்டால், நகராட்சி ஆணையரே உங்கள் பக்கம் இருந்தாலும் கை கட்டித்தான் நிற்பார். வேலை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். சனி, ஞாயிறு எந்த அலுவலகமும் திறந்திருக்காது.

கதிர்வீச்சு வாதம் ஏன் நிற்பதில்லை

2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். நீதிமன்றத்தில் நிறுவனத்தின் வக்கீல் எழுந்து இதைச் சொல்லி, வரம்புக்குள் இருக்கிறோம் என்ற சுயசான்றிதழை நீட்டுவார். உங்களிடம் என்ன ஆதாரம் என்று நீதிபதி கேட்டால் நம் கையில் வாட்ஸ்அப் ஃபார்வர்டுதான் இருக்கும்.

2017-ல் குவாலியரில் ஒரு டவரை நிறுத்தச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவும், 2012-ல் பள்ளி, மருத்துவமனை அருகே இருந்தவற்றை அகற்றச் சொன்ன ராஜஸ்தான் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் இன்னும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முதலாவது அந்த ஒரு டவருக்கு. இரண்டாவது அந்த மாநிலத்துக்கு. இவற்றை மனுவோடு இணைத்துக் கொடுத்தால் கோப்பு கனக்கும், அவ்வளவுதான்.

பயம் தீரவில்லை என்றால் அளந்து பார்க்க வழி உண்டு. 2017-ல் தொடங்கிய தரங் சஞ்சார் என்ற அரசு இணையதளத்தில் உங்கள் பகுதியை வரைபடத்தில் தேடி, அங்குள்ள டவர்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று கேட்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் தொலைத்தொடர்புத் துறையின் ஆட்களே வந்து அளந்து அறிக்கை தருவார்கள். தெருவே பங்கு போட்டுக் கட்டலாம். ஆனால் யோசித்துக் கட்டுங்கள். இன்னும் வராத டவரை அளக்க முடியாது. வந்த பிறகு அளந்து, அளவு வரம்புக்குள் இருந்துவிட்டால், நீங்கள் காசு கட்டி வாங்கிய அறிக்கையையே எதிர்த்தரப்பு உங்களுக்கு எதிராக வைக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தப் பேச்சு எடுபடும். டவருக்கு நேர் கீழே குடியிருப்பவர்தான் அதிகம் பயப்படுகிறார், ஆனால் அலை பாய்வது ஆன்டெனாவின் முன்பக்கமாக. எதிரே, அதே உயரத்தில் இருப்பவர்தான் கவலைப்பட வேண்டியவர். 2013-ல் தொலைத்தொடர்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில் இதற்குத் தூரம் சொல்லப்பட்டது. ஒரே திசையைப் பார்த்து ஒரு ஆன்டெனா இருந்தால் 20 மீட்டர், இரண்டு இருந்தால் 35, நான்குக்கு 45, ஆறுக்கு 55. இந்தத் தூரத்துக்குள், ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதன் உயரத்துக்கு ஒத்த கட்டடம் இருக்கக் கூடாது. இரண்டு மாடி வீட்டின் மேல் இருபதடிக் கம்பம், முப்பதடித் தெருவுக்கு அந்தப் பக்கம் நாலு மாடிக் குடியிருப்பு என்றால் கணக்கு இடிக்கிறது. டேப் பிடித்துத் தூரத்தை அளந்து, நாலாவது மாடி பால்கனியில் நின்று எதிர் மாடியைப் போட்டோ எடுத்து, மீட்டரில் எழுதுங்கள். "மிக அருகில்" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

எடுபடும் காரணங்கள்

முதலில் கட்டடம். தாங்கும் சான்று எங்கே, யார் கொடுத்தது, எந்தத் தேதியில் வந்து பார்த்தார், எந்தக் கதவு எண்ணுக்கு? ஒரே சான்றில் முகவரியை மட்டும் மாற்றி ஒட்டிய நகலைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கீழே விரிசல் விட்ட பழைய வீடு, மேலே சான்றில் "நல்ல நிலையில் உள்ள கான்கிரீட் கட்டடம்". அந்த விரிசலைப் போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் கட்டட அனுமதி. தரைத்தளமும் முதல் தளமும் கட்ட வரைபட அனுமதி வாங்கி, மூன்றாவது தளம் வரை எழுப்பியிருக்கிறார்களா? அனுமதியில்லாத தளத்தின் தலையில் டவர் என்றால் அது நகரமைப்புப் பிரிவு பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி.

அடுக்குமாடியில் மொட்டை மாடி பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. சங்கச் செயலாளரும் பொருளாளரும் மட்டும் கையெழுத்துப் போட்டு வாடகைக்கு விட்டுவிட்டு, பராமரிப்புத் தொகை குறையும் என்று பொதுக்குழுவில் பிறகு சொல்வது வழக்கமாகிவிட்டது. உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்து மாடியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சில இடங்களில் மாடி உரிமையை பில்டர் தன்னிடமே வைத்துக்கொண்டிருப்பார். அப்படி இல்லை என்றால், பங்குதாரர் என்ற முறையில் நிறுவனத்துக்கே நேரடியாக ஆட்சேபக் கடிதம் அனுப்புங்கள். உரிமைத் தகராறு உள்ள மாடி என்றால் நிறுவனத்தின் சட்டப்பிரிவு தயங்கும். நகராட்சி சொல்லிக் கேட்காதவர்கள் இதற்குக் கேட்பார்கள்.

டவர் வந்துவிட்ட இடங்களில் ஜெனரேட்டர் சத்தம்தான் கையில் பிடிக்கக்கூடிய விஷயம். குடியிருப்புப் பகுதிக்கு ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. வரம்பைப் 10 டெசிபல் தாண்டினாலே புகார் கொடுக்க 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இடம் உண்டு. புகை, டீசல் வாடை, நள்ளிரவில் ஓடும் நேரம் எல்லாவற்றையும் தேதியோடு குறித்து, வீடியோவும் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுங்கள். டவரை எடுக்கமாட்டார்கள். ஆனால் ஜெனரேட்டருக்குக் கூண்டு போட வைக்கலாம், பேட்டரிக்கு மாற வைக்கலாம்.

அலுவலக அலைச்சல்

நகராட்சியில் போய் நின்றால் வரும் பதில்: "அது சென்ட்ரல் கவர்ன்மென்ட் சார், எங்க கையில இல்ல." தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதினால்: "இடம் சம்பந்தப்பட்டது, உள்ளாட்சியை அணுகவும்." இரண்டு பேரும் பாதி உண்மை சொல்கிறார்கள், அதனால்தான் இருவரையும் அசைக்க முடிவதில்லை. ஆகவே மனுவைப் பிரித்து எழுதுங்கள். நகராட்சிக்கு எழுதும் தாளில் கதிர்வீச்சு என்ற வார்த்தையே வரக்கூடாது. கட்டட அனுமதி, தாங்கும் சான்று, முன்தகவல் வந்த தேதி, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். ஆன்டெனாவுக்கு எதிரே உள்ள தூரக் கணக்கு தொலைத்தொடர்புத் துறையின் தமிழ்நாடு பிரிவுக்குத் தனியாகப் போகட்டும். ஊராட்சிப் பகுதி என்றால் ஊராட்சித் தலைவரோடு நிற்காமல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுங்கள்.

"வெச்சுட்டுப் போங்க, சார்கிட்ட கொடுத்துடறேன்" என்பார்கள். வைத்துவிட்டு வராதீர்கள். கையில் இரண்டாவது நகல் இருக்கட்டும். தபால் பிரிவில் வட்ட முத்திரை, தேதி, சின்னதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் படி இறங்க வேண்டும். தர மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் நீதிமன்றம் போனால் "வேலை தொடங்கும் முன்பே ஆட்சேபித்தோம்" என்பதற்கு அந்த முத்திரை ஒன்றுதான் சாட்சி.

முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்வதும் குறைதீர்க்கும் நாளில் கொடுப்பதும் தப்பில்லை, மனு எண் கிடைக்கும். ஆனால் அதுவும் சுற்றிச் சுற்றி நீங்கள் முதலில் பார்த்த அதே மேசைக்குத்தான் வரும். "மனுதாரருக்கு நேரில் விளக்கப்பட்டது" என்று பதிவு செய்து முடித்துவிடுவார்கள். விளக்கியவர் யார், எப்போது வந்தார் என்பது அவருக்கே வெளிச்சம். அப்படி முடித்தால் அதே நாளில் "என்னிடம் யாரும் விளக்கவில்லை" என்று எழுதி மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு. "டவருக்கு அனுமதி தரப்பட்டதா?" என்று கேட்காதீர்கள். "அனுமதி தேவையில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "இந்தக் கதவு எண் தொடர்பாக நிறுவனம் கொடுத்த கடிதத்தின் நகல், அதோடு இணைத்த சான்றின் நகல், இந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபட நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். இந்தச் சட்டத்தை மட்டும் நம்பி உட்காரவும் வேண்டாம். முப்பது நாளில் டவரே ஓடத் தொடங்கிவிடும். தடை வேண்டும் என்றால் நீதிமன்றத்துக்கு உடனே போக வேண்டும். தளவாடம் இறங்கும்போதே வக்கீலைப் பாருங்கள்.

லாரியை மறிக்காதீர்கள். நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் போலீஸ் பாதுகாப்புக் கேட்டு மனுப் போடும், பெரும்பாலும் கிடைத்துவிடும். அப்புறம் தெருவில் முன்னால் நின்ற பிள்ளைகளின் பெயரில் எஃப்ஐஆர். வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் சரிபார்ப்பு வரும்போதுதான் அதன் வலி தெரியும்.

மாடியைக் கொடுப்பவருக்கு

வாடகை வருகிறதே என்று கையெழுத்துப் போடுபவரும் ஏமாறுகிறார். ஒப்பந்தம் பதினைந்து, இருபது வருடத்துக்கு இருக்கும். நிறுவனம் நினைத்தால் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம், உரிமையாளர் போகச் சொல்ல முடியாது என்ற ஒருதலை நிபந்தனை பல ஒப்பந்தங்களில் நடுப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். அதைத் திருத்தச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு இரும்பை யார் செலவில், எத்தனை நாளில் எடுப்பது என்பதையும் எழுதி வாங்குங்கள். 2018-ல் ஏர்செல் என்ற செல்போன் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனதை மறந்துவிடாதீர்கள். நிறுவனம் போய்விடும், இரும்பு உங்கள் மாடியில் நிற்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், வெறும் முத்திரைத்தாள் போதாது. "தற்காலிகமா உங்க லைன்ல இருந்து கரண்ட் கொடுங்க" என்றால் முடியாது என்று சொல்லுங்கள். வீட்டு இணைப்பில் டவர் ஓடினால் அபராத நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

டவர் வைத்துத் தருகிறோம், லட்சக்கணக்கில் அட்வான்ஸ், மாதம் இவ்வளவு வாடகை, பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் அது மோசடி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் முத்திரையோடு ஒரு தடையின்மைச் சான்றும் வாட்ஸ்அப்பில் வரும். டிராய் அப்படி ஒரு சான்றே கொடுப்பதில்லை என்று பலமுறை அறிவித்துவிட்டார்கள். உண்மையான நிறுவனம் உங்களுக்குப் பணம் தரும், உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்காது. ஏற்கெனவே கட்டியிருந்தால், வீட்டில் திட்டுவார்களே என்று ஒளிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் புகார் பதிவானால்தான் அதை முடக்க முடியும்.